கிளப்புக்கு நான் வளர்த்த புல்

மனிதர்கள் பெண் பார்க்கப் போய்த் தோற்றிருக்கிறார்கள், பரீட்சையில் தோற்றிருக்கிறார்கள், தேர்தலில் நின்று டெபாசிட்டை இழந்திருக்கிறார்கள். அதையெல்லாம் வெளியில் சொன்னால் 'ஐயோ பாவம்' என்று நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள். நான் புல்லிடம் தோற்றவன். சொன்னால் யாரும் உச்சுக் கொட்டுவதில்லை, சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களில் முதல் ஆள் என் மனைவி என்பதால் எனக்கும் பழகிவிட்டது.

ஐம்பதுகளின் கடைசியில் விவசாயக் கல்லூரிப் பட்டத்தோடு பழனிக்கு வந்து இறங்கினேன். அடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குப் பஞ்சாமிர்தக் கடை. 'படித்தவன் வாழைப்பழம் பிசைவதா' என்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்தச் சமயத்தில்தான் கொடைக்கானலில் ஒரு சின்ன கிளப்பில் புல்தரையைக் கவனிக்கப் படித்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டேன். மலைக்கு ஏறினேன்.

அந்த கிளப் இப்போது இல்லை. (இல்லாமல் போனதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.) அங்கே கனமான கறுப்பு மரப்பந்தைத் தரையில் உருட்டி, தூரத்தில் கிடக்கும் ஒரு வெள்ளைப் பந்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும் ஆட்டம் ஆடுவார்கள். ஆட்டம் எளிது, அதற்கு வேண்டிய தரைதான் கடினம். புல் ஒட்ட வெட்டின தலைமுடி மாதிரி இருக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் இருந்தவரை சீமையிலிருந்து தகர டப்பாவில் விதை வந்தது. அவர்கள் போனார்கள், டப்பாவும் நின்றது. மிச்சம் கிடந்த பழைய விதையைத் தூவினால் முளைத்தது பாசிதான்.

கிளப்பின் காரியதரிசி மேஜர் தேவசகாயம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மீசையில் ஒரு முடி கூட வரிசை தப்பாது.

"தண்டபாணி, நம்ம மலையில இல்லாத புல்லாய்யா? ஹில்ஸ் முழுக்க புல்லுதான். அதுல பெஸ்ட்டா ஒண்ணைப் பிடி. சீசன் ஓப்பனிங்குக்கு க்ரீன் ரெடியாகணும். ரெடியானா நீ பெர்மனென்ட். ஆகலைன்னா, வெரி சாரி."

நான் சிரித்துக்கொண்டேன். இது என் பாடம். மலைச் சரிவில் ஆயிரக்கணக்கான புல் செடிகள் நிற்கும். இனம் ஒன்றுதான், ஆனால் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று சோனி. அவற்றில் குட்டையாகவும் அடர்த்தியாகவும் தரையோடு படர்வதாகவும் உள்ளதைத் தேடிப் பிடித்து, வேரோடு கொண்டுவந்து, துண்டு துண்டாகப் பிரித்து நட்டுப் பெருக்க வேண்டும். நடுவே பாடம் இன்னொன்றும் சொல்லியிருந்தது. பல இடங்களில் எடுத்ததையெல்லாம் ஒரே பாத்தியில், ஒரே மாதிரி வளர்த்து, பூத்துக் காய்க்கும் வரை பொறுமையாகப் பார்த்து, பிறகுதான் எது நல்லது என்று முடிவு கட்ட வேண்டும். அந்தப் பக்கத்தைப் பரீட்சைக்கு முந்தின நாள் படித்திருந்தேன். பரீட்சையோடு அதன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

கிளப்புக்குத் திங்கட்கிழமை விடுமுறை. திங்கள்தோறும் மண்வெட்டியும் ஈரச் சாக்குமாக மலை மலையாக அலைந்தேன். மார்கழிக் குளிர் முடியும் சமயம், அடுக்கம் வழியாகப் பெரியகுளத்துக்கு இறங்கும் பழைய பாதையில் ஒரு சமதளத்தில் அதைக் கண்டேன். யாரோ பச்சை வெல்வெட்டை விரித்து இஸ்திரி போட்டு வைத்த மாதிரி ஒரு புல் திட்டு. விரலை வைத்தால் அமுங்கி எழும்புகிறது. ஒரு தாள் கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. நான் மண்டியிட்டு, கன்னத்தை வைத்து, கண்ணை மூடிக்கொண்டேன். எழுந்தபோது முழங்காலில் சாணம். நடந்தபோது செருப்பில் சாணம். 'சீ, என்ன கண்றாவி' என்று ஓடையில் கழுவிக்கொண்டு, சாக்கு நிறையப் புல்லைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டேன். சாணம் என் காலில் பட்டது, கையில் பட்டது, மூளையில் மட்டும் படவில்லை.

தை பிறந்ததும் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தார்கள். கன்னிவாடியில் சின்னச்சாமி என்ற விவசாயியின் மகள். பெயர் மரகதம். தட்டோடு வந்து நின்றாள். நல்ல உயரம். என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தாள். அந்த ஒரு பார்வையிலேயே நான் விழுந்துவிட்டேன். அவளும் விழுந்தாளா என்று கேட்க அந்தக் காலத்தில் வழி ஏது? அவள் உள்ளே போய்விட்டாள், அவள் அப்பா என் எதிரே உட்கார்ந்தார்.

"தம்பி மலையில என்னா சோலி பாக்குறீங்க?"

"புல் ஆராய்ச்சிங்க."

அவர் முகம் மலர்ந்தது. "நல்ல சோலி. அதை எப்பிடி அழிக்கிறது?"

"அழிக்கிறதில்லைங்க. வளர்க்கிறேன்."

"மாட்டுக்கா?"

"மாட்டைக் கிட்டவே விடமாட்டோங்க. வேலி போட்டிருக்கு."

"பெறகு?"

"அது மேல பந்து உருட்டுவாங்க."

அவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். தன் மனைவியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். "களை பறிக்க ஆளு கெடைக்காம நான் இங்க சீரழிஞ்சு கெடக்கேன். களைய வளக்குறதுக்கு அங்கன சம்பளம் கொடுக்குறாங்களா?"

நான் இனக்கலப்பு, தேர்வு முறை என்று ஏதேதோ விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகம் இருண்டது. கடைசியில் எழுந்து துண்டை உதறினார். "தம்பி தப்பா நெனக்கக் கூடாது. புள்ளையக் குடுக்கிற எடம். வைகாசி வாக்குல நாங்க மேல வந்து அந்தச் சோலியக் கண்ணால பாத்துட்டுப் போறோம். நெரந்தரமான சோலிதான்னு தெரிஞ்சா அங்கனயே தாம்பூலம் மாத்திக்கிருவோம்."

நான் அன்றைக்கே மலையேறி, அந்தப் புல்லை என் பிள்ளை மாதிரி பார்க்கத் தொடங்கினேன். மிகைப்படுத்தவில்லை. நடுவதற்கு முன் தரையை விரலால் சலித்தேன். தொழுவெரு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள் எல்லாம் போட்டேன். காலையும் மாலையும் பூவாளியால் தண்ணீர் தெளித்தேன். உறைபனி விழும் நாட்களில் சாக்கால் போர்த்தினேன். நாய் கூட எட்டிப் பார்க்காதபடி வேலி. மேஜரே பார்க்க வந்தபோது பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். அவரும் கழற்றினார், பாவம்.

குளிர் இருந்தவரை புல் அடக்கமாகப் படர்ந்தது. கமிட்டிக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று தலையாட்டினார்கள். மேஜர் என் தோளில் தட்டினார். "இந்தப் புல்லுக்கு ஒரு பேரு வேணுமே? சீமையில ஒவ்வொரு வெரைட்டிக்கும் பேரு வைப்பாங்க."

யோசிக்கவே இல்லை. "மரகதம்" என்றேன்.

"வெரி குட். பச்சைக் கல்லு. பொருத்தமான பேரு" என்றவர், பெயின்டரைக் கூப்பிட்டு, ஆளுயரப் பலகையில் அந்தப் பெயரை எழுதி, தரையின் முகப்பில் நட்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் தேன் வடிந்தது.

சித்திரையில் கோடை மழை பெய்தது. நாலைந்து மழைதான். ஒரு நாள் காலை எழுந்து போய்ப் பார்த்தால் மரகதம் கணுக்கால் உயரம். மறுநாள் இன்னும் கொஞ்சம். அடுத்த வாரம் முழங்காலைத் தொட்டுவிட்டது. சாப்பாட்டைக் காணாதவன் பந்தியில் உட்கார்ந்த மாதிரி அது என் புண்ணாக்கை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தது. வெல்வெட்டைத் தேடினேன், நாணல் நின்றது. உச்சியில் ஊதா நிறத்தில் மெல்லிய கதிர்கள் வேறு வந்து காற்றில் ஆடின. அது பூத்து நான் பார்த்ததே இல்லை.

வைகாசியில், சீசன் திறப்பு விழாவுக்கு முந்தின நாள், புல் வெட்டும் மிஷினைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். பாதித் தரையை வெட்டித் திரும்பிப் பார்த்தேன். இலையெல்லாம் மேலே போயிருந்தது. அடியில் மிஞ்சியவை மஞ்சள் தட்டைகள், பழைய விளக்குமாற்றைக் கவிழ்த்து நட்ட மாதிரி. இதற்கு அதுவே தேவலை என்று நிறுத்தினேன். ஆக, சீசன் திறப்பன்று கிளப்பின் புல்தரை பாதி விளக்குமாறு, பாதி காடு. நடுவில் பலகை: மரகதம்.

மாவட்டத்துப் பெரிய அதிகாரி ஒருவரின் மனைவி கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவையில் வந்திருந்தார். தொப்பி வைத்த கனவான்கள், குடை பிடித்த சீமாட்டிகள், வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காற்சட்டையுமாக மேஜர். தரையைப் பார்த்ததும் மேஜரின் மீசை அதன் வரிசையை முதல் முறையாக இழந்தது. ஆனால் ராணுவம் ராணுவம்தான். "இது நம்ம மலையோட சொந்தப் புல்" என்று பேசி முடித்து, அம்மையாரின் கையில் பந்தைக் கொடுத்தார்.

வாசல் பக்கம் பார்த்தேன். வத்தலக்குண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி, வளைவுகளில் குமட்டி வெளிறின முகங்களோடு, சின்னச்சாமியும் அவர் மனைவியும் மரகதமும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் பந்து விளக்குமாற்றுப் பக்கம் போனது. கரகரவென்று சத்தம் போட்டு, ஒரு கை தூரத்தில் நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். இரண்டாவது பந்து காட்டுக்குள் போனது. போனது போனதுதான். அம்மையார் நல்ல மனுஷி, தானே தேடுகிறேன் என்று புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே இறங்கினார். மேஜர் இறங்கினார். கமிட்டி மொத்தமும் இறங்கியது. பெரிய மனுஷி தேடும்போது சும்மா நின்றால் மரியாதையில்லை என்று சீமாட்டிகளும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கிராமத்து மனுஷர், புல்லென்றதும் கை சும்மா இருக்குமா? என்னதான் வளர்த்திருக்கிறேன் என்று பார்க்க என் வருங்கால மாமனாரும் குடும்பத்தோடு உள்ளே வந்துவிட்டார்.

முதலில் கத்தியது அவர்தான். "ஆத்தாடி! இது ஒட்டுப்புல்லுல்ல!"

குனிந்து பார்த்தேன். என் காற்சட்டைக்கு முழங்கால் வரை மயிர் முளைத்திருந்தது. ஊசி மாதிரி விதைகள், ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு துணிக்குள் நுழைந்துகொண்டிருந்தன. தட்டினால் போகாது, உதறினால் இன்னும் உள்ளே போகும். ஒவ்வொன்றாகப் பிடுங்கத்தான் வேண்டும். கத்தரிப்பூப் பட்டின் சரிகைக் கரை கண்ணுக்குத் தெரியவில்லை. மேஜரின் வெள்ளைக் காற்சட்டை கரடித்தோலாகியிருந்தது. 'ஸ்ஸ்', 'ஆ' என்று நாலா பக்கமும் சத்தம். பட்டதாரியான எனக்கு, நான் வளர்த்தது ஒட்டுப்புல் என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

அம்மையார் காரில் ஏறும்போது, "ரொம்ப நேச்சுரலா இருந்தது" என்றார். அவர் உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. அவர் குனிந்து நின்றபடியே இருக்க, கார் நகர்ந்தது. மேஜர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்குப் பேசலாம் தண்டபாணி" என்றார். பேச என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சின்னச்சாமி பலகை முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்துவிட்டு மெதுவாகத் திரும்பினார். "வயசுப்புள்ள பேரை இப்பிடி நாலு பேரு பாக்க எழுதிப் போட்டிருக்கீங்களே தம்பி?" வேலை போனது கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் பெண் சாயங்கால பஸ்ஸில் ஏறிப் போய்விடுவாள், இனி அவளைப் பார்க்கவே மாட்டேன் என்பதுதான் நெஞ்சில் இடித்தது.

ஆனால் அவர்களால் உடனே போக முடியவில்லை. அந்தத் துணியோடு பஸ்ஸில் உட்கார முடியாதே. கிளப்புக்குப் பின்னால் நான் தங்கியிருந்த அறைக்கு வெளியே ஒரு கைப்பிடிச் சுவர் உண்டு. வெயில் பட அதில் நாலு பேரும் உட்கார்ந்து விதை பிடுங்கத் தொடங்கினோம். மரகதத்தின் அம்மா சின்னச்சாமியின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். மரகதம் தன் புடவையில் ஒட்டியதைப் பிடுங்கி முடித்துவிட்டாள். என் காற்சட்டையின் பின்பக்கம் எனக்கு எட்டவில்லை. நான் திருகித் திருகிப் பார்ப்பதைக் கண்டு, அவள் நகர்ந்து வந்து, குனிந்து, என் காற்சட்டை மடிப்பைப் பிடித்தாள். அவள் அம்மா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார். (அத்தை அன்று செய்த அந்த உபகாரத்தை நான் மறக்கவே இல்லை.)

"அந்தப் பலகையில இருக்கது என் பேரா?" குரல் தாழ்வாக வந்தது.

"ஆமாங்க."

"குட்டைப் புல்லுக்கா எம்பேரு வச்சீங்க?"

"குட்டையா இருக்கும்னு நெனச்சு வச்சேன்."

"என்னையப் பாத்துட்டுத்தான வந்தீங்க? நான் எங்க அய்யா ஒசரம். எம்பேரு வச்சா அது பின்ன எப்பிடி வளரும்?"

சிரித்துவிட்டாள். நானும் சிரித்துவிட்டேன். அழ வேண்டிய நேரத்தில் சிரித்தது நெஞ்சுக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பிறகு அவள் சிரிப்பை நிறுத்திக் கேட்டாள்: "சோலி போயிருமா?"

"போயிரும்."

"பெறகு என்ன செய்வீங்க?"

"தெரியலைங்க."

பொய் சொல்லியிருக்கலாம். தோன்றவில்லை. அவள் விதைகளைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள். எழுந்து போய்விடவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

சின்னச்சாமி வெகுநேரமாகத் தூரத்துப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, அதுக்கு என்னா வச்சீங்க?"

"தொழுவெரு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள்."

"தண்ணி?"

"தினமும் ரெண்டு வேளை. பூவாளியில."

"பனிக்கு?"

"சாக்குப் போட்டு மூடுவேங்க. வெள்ளனே எந்திரிச்சு எடுத்துருவேன்."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? வெறும் ஒட்டுப்புல்லு. அதுக்குப் புண்ணாக்கு வச்சு, தண்ணி தெளிச்சு, சாக்கைப் போத்தித் தூங்க வச்சிருக்காப்ல. புல்லையே இம்புட்டு ஊட்டமா வளத்தவரு, எம்மகளைப் பட்டினி போட்டுருவாரா?" பிறகு என்னைப் பார்த்து, குரலைச் செருமிக்கொண்டு சொன்னார்: "அந்தப் பலகைய மொதல்ல கழட்டுங்க. வெரசா வேற ஒரு சோலியப் பாருங்க, மாப்ள."

மாப்ள! அதுவரை தம்பிதான். நான் அவர் காலில் விழுந்தேன். எழுந்தபோது அவர் வேட்டியில் மிச்சமிருந்த விதையெல்லாம் என் சட்டையில்.

மேஜருக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்தச் சனிக்கிழமை அவரை, நான் புல் பெயர்த்த அந்தச் சமதளத்துக்குக் கூட்டிப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் ஞாயிற்றுச் சந்தைக்குச் சுமை கொண்டுவரும் குதிரைகள் அங்கே இளைப்பாறிக்கொண்டிருந்தன. தலை குனிந்து, பல்லால் தரையைச் சுரண்டி, நீட்டின ஒவ்வொரு தாளையும் வெளிவந்த ஒவ்வொரு கதிரையும் கொறித்துக்கொண்டிருந்தன. வாரம் தவறாமல் நடக்கும் வேலை. திங்கட்கிழமை மட்டுமே போன நான் அவற்றைப் பார்த்ததே இல்லை. பத்தடி தள்ளி, குதிரை எட்டாத பாறைச் சரிவில், அதே புல் முழங்கால் உயரம் கதிர் விட்டு நின்றது. திங்கள்தோறும் அலைந்தபோது இப்படி நின்றதை வேறு இனம் என்று நினைத்து, காற்சட்டையில் ஒட்டியதைத் திட்டிக்கொண்டே எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன்.

மேஜர் குதிரைகளைப் பார்த்தார். "தண்டபாணி, உனக்குப் பதிலா இதுல ஒண்ணை அப்பாயின்ட் பண்ணியிருக்கணும்யா" என்றார். அப்புறம் அவரும் சிரிக்கத் தொடங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாதத்தோடு என் வேலை முடிந்தது. எங்கள் கல்யாணத்துக்கு அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். பரிசு, துணி துடைக்கும் பிரஷ்.

எனக்கு விவசாய இலாகாவில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய்க் களையை ஒழிப்பது எப்படி என்று பேச வேண்டும். நன்றாகவே பேசினேன். மாமனாரின் ஊர்ப்பக்கம் மட்டும் பேசப் போனதில்லை, காரணம் உண்டு. அன்று அவ்வளவு பிடுங்கியும் கொசுவ மடிப்புக்குள்ளும் துண்டின் ஓரத்திலும் ஒளிந்துகொண்டு சில விதைகள் கன்னிவாடி வரை பஸ்ஸில் போயிருக்கின்றன. மலைக்குளிரைவிட அந்த வெயில் அவற்றுக்குப் பிடித்துவிட்டது. அடுத்த மழைக்கு மாமனார் வரப்பில் தலை காட்டி, அதற்கடுத்த மழைக்குக் கடலைக் காட்டில் இறங்கி, பிறகு பக்கத்துக் காட்டுக்காரர்களிடமும் உறவு கொண்டாடத் தொடங்கிவிட்டது. பத்து ஊருக்கு அதன் பெயர் இன்றைக்கும் மாப்பிள்ளைப் புல்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாங்கள் போனால், எனக்குத் தலைவாழை இலை போட்டு உட்கார வைப்பார்கள். நான் முதல் கவளத்தை எடுக்கும்போது பின்பக்கக் காட்டில் களையெடுக்கும் பெண்களின் குரல் கேட்கும்: "ஏய், இந்தா இங்கயும் கெடக்குடி மாப்ளப் புல்லு! வேரோட புடுங்கித் தூர எறி!"

மரகதம் நெய் ஊற்றிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பதில் கொடுப்பாள்: "விடுங்கடி, அதுபாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். அதுக்கு வேற போக்கிடம் ஏது?"